நான்கு வினாக்களின் படிப்பு: வணிகத் தகவல் அமைப்பு மாணவர் எதிர்பார்க்க வேண்டியவை

வணிகத் தகவல் அமைப்பு என்னும் பாடம் வணிகவியலும் கணினியியலும் சந்திக்கும் எல்லையில் பிறந்தது; அதனாலேயே அதில் சேரும் மாணவர்களுள் ஒரு சாரார் நிரல் எழுதக் கற்றுத்தருவார்கள் என்றும், மற்றொரு சாரார் கணக்கு மென்பொருளை இயக்கக் கற்றுத்தருவார்கள் என்றும் எண்ணி வருகின்றனர். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் சிலவற்றில் இளநிலை வணிகவியலின் ஒரு பிரிவாகவும், மேலாண்மைப் பட்டப்படிப்புகளில் தனித் தாளாகவும் இடம்பெற்றுள்ள இப்பாடம், அவ்விரு எதிர்பார்ப்புகளையும் ஓரளவுக்கு மேல் நிறைவேற்றுவதில்லை. நிறுவனங்களில் அமைப்புகளை நிறுவும் பணியிலும் பின்னர் வகுப்பறையிலும் இருந்தவர்களின் பட்டறிவைத் தொகுத்துப் பார்த்தால், இப்படிப்பு தரக்கூடிய பயிற்சி வேறொன்று என்பது புலப்படும். திரையில் தோன்றும் ஓர் எண் எங்கிருந்து வந்தது, அதை யார் பதிந்தார், யார் சரிபார்த்தார், அது தவறானால் இழப்பு யார் தலையில் விழும் என்னும் நான்கு வினாக்களைச் சலிக்காமல் கேட்கும் பழக்கமே அப்பயிற்சி.

முதல் வாரத்தில் மாணவர் கேட்கும் வரையறைகள் எளிமையானவை. நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி குறித்த பதிவு தரவு எனப்படும். ஒருவர் முடிவெடுக்க உதவும் வகையில் தொகுக்கப்பட்ட தரவு தகவல் எனப்படும். அத்தொகுப்பைச் செய்யும் மனிதர், தாள், விதி, இயந்திரம் ஆகிய அனைத்தும் சேர்ந்தது அமைப்பு எனப்படும். இவற்றுள் மூன்றாவது வரையறையே கவனத்துக்குரியது; ஏனெனில் கணினி வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு கடையிலும் ஆலையிலும் ஒரு தகவல் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும், புதிதாக வருபவர் அதை மாற்றுகிறாரே ஒழிய வெற்றிடத்தில் எதையும் கட்டுவதில்லை என்பதையும் அது உணர்த்துகிறது.

பாடம் பிறந்த வரலாறு

கணினியை வணிகத்தின் அன்றாடப் பணியில் முதன்முதலாக அமர்த்திய பெருமை, லண்டனில் தேநீர்க் கடைகளும் ரொட்டி ஆலைகளும் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனத்துக்கு உரியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியை அடியொற்றி அந்நிறுவனம் தானே உருவாக்கிக்கொண்ட லியோ என்னும் இயந்திரம், 1951 நவம்பரில் ரொட்டி ஆலை உற்பத்தியின் மதிப்பை வாரந்தோறும் கணக்கிடத் தொடங்கியது. கோப்பைத் தேநீருக்குக் கிடைக்கும் சில்லறை லாபத்தில் அலுவலகச் செலவைக் குறைப்பதே வாழ்வாதாரமாக இருந்த அந்நிறுவனம், கணினி பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே எழுத்தர்களின் பணிமுறைகளை ஆராய்வதற்கென்று ஒரு தனிப் பிரிவை வைத்திருந்தது. அதனால் இயந்திரம் வந்தபோது எந்தப் பணியை எந்த வரிசையில் ஒப்படைப்பது என்பது அங்கே ஏற்கெனவே சிந்திக்கப்பட்டிருந்தது. பின்னாளில் தேநீர்க் கடைகளின் அன்றாடச் சரக்குத் தேவையும் லியோவில் ஏற்றப்பட்டது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான பட்டியல் வகுக்கப்பட்டு, அன்றைய மாற்றத்தை மட்டும் கடையின் பொறுப்பாளர் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று அமைக்கப்பட்ட அம்முறை, எல்லாவற்றையும் பதிவதைவிட மாறியதை மட்டும் பதிவதே சிறந்தது என்னும் விதிக்கு இன்றும் நல்ல சான்றாக நிற்கிறது. அப்பணிகளை வடிவமைத்த டேவிட் கேமினர், அமைப்புப் பகுப்பாய்வு என்னும் தொழிலின் முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

வணிகத் தகவல் அமைப்பு பல்கலைக்கழகப் பாடமாக உருவெடுத்தது 1960களின் பிற்பகுதியில்தான். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1968இல் கார்டன் டேவிஸ் தொடங்கிய மேலாண்மைத் தகவல் அமைப்புத் திட்டம் அவ்வகையில் முன்னோடியானது. அதற்கு ஓராண்டு முன்னரே ரஸ்ஸல் ஏகாஃப் என்னும் அறிஞர் இப்புதிய துறையின் அடிப்படை நம்பிக்கைகளைக் கேள்விக்குள்ளாக்கினார் என்பதை மாணவர் மறக்கலாகாது. மேலாளர்கள் படும் பாடு தேவையான தகவல் கிடைக்காததால் நேர்வதைவிடத் தேவையற்ற தகவல் வந்து குவிவதால் நேர்வதே மிகுதி என்பது அவர் வாதம்; மாதந்தோறும் எவரும் படிக்காத அறிக்கைகள் அச்சாகிக் கோப்பில் சேர்வதைக் கண்ட எந்த அலுவலருக்கும் அவ்வாதம் விளங்கும்.

கணக்கியல் என்னும் அடித்தளம்

பாடத்திட்டத்தில் மாணவர்கள் அலட்சியப்படுத்துவதும், பணியில் சேர்ந்தபின் ஏங்குவதும் கணக்கியல் தாளே ஆகும். லூக்கா பசியோலி 1494இல் வெனிஸ் நகரில் அச்சிட்டு வெளியிட்ட கணித நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறை, அதாவது ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொரு கணக்கில் வரவாகவும் சம தொகைக்கு எழுதும் முறை, வணிகக் கணக்கு மென்பொருள்களுக்கு இன்றும் முதுகெலும்பாக உள்ளது. பெங்களூரில் 1986இல் தோன்றி இந்தியச் சிறு வணிகம் முழுவதும் பரவிய டேலியாயினும், ஐபிஎம் நிறுவனத்திலிருந்து விலகிய ஐவர் ஜெர்மனியில் 1972இல் தொடங்கிய எஸ்ஏபியாயினும், திரைக்கு அடியில் நிகழ்வது இதுவே. ஆயினும் இரு பக்கமும் சமமாக இருப்பது கணக்கு சரி என்பதற்குச் சான்றாகாது. ஒருவருக்கு எழுத வேண்டியதை அதே பெயருடைய மற்றொருவருக்கு எழுதினாலும், ஒரு பில்லை முற்றிலும் எழுதாமல் விட்டாலும் இருப்பாய்வுப் பட்டியல் இம்மி பிசகாமல் பொருந்தும். சரியாகப் பொருந்துவது வேறு, உண்மையாக இருப்பது வேறு என்னும் பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

காகிதத்தைப் பின்தொடர்தல்

அமைப்புப் பகுப்பாய்வு என்னும் தாள், ஒரு பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் கண்டறிந்து வரைந்து காட்டும் கலையைப் பற்றியது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் அதற்குச் சிறந்த பயிற்சிக் களமாகும். ஏற்றுமதி நிறுவனம் நூலை வாங்கிப் பின்னலுக்கு அனுப்புகிறது. பின்னிய துணி சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பேக்டிங் ஆலைக்கும் சென்று திரும்பியபின் வெட்டப்பட்டுத் தைக்கப்படுகிறது. இப்படிகளுள் பல வெளியாரிடம் கூலிக்குச் செய்யப்படுவதால் அவை ஜாப் ஒர்க் எனப்படுகின்றன. ஒவ்வொரு முறை சரக்கு வெளியேறும்போதும் டெலிவரி சலான், பேச்சு வழக்கில் டிசி, ஒன்று எழுதப்படுகிறது. நூலும் துணியும் கிலோவில் அளக்கப்படுகின்றன, முடிந்த ஆடையோ பீஸ் கணக்கில் எண்ணப்படுகிறது; சாயமேற்றித் திரும்பும் துணியின் எடை, அனுப்பிய எடைக்குச் சமமாக இராது. இந்த எடைக் குறைவில் எவ்வளவு தொழிலின் இயல்பு, எவ்வளவு கசிவு என்பதே முதலாளி அறிய விரும்பும் தகவல். அவ்விடையைத் தராத எந்த மென்பொருளும், எத்தனை வண்ணப் படங்களைத் திரையில் காட்டினாலும், அவருக்குப் பயனற்றதே.

இத்தகைய களத்துக்குச் செல்லும் மாணவர், முதலாளியிடம் கேட்டு அறிவது நடக்க வேண்டியதையே என்றும், நடப்பதை அறிய ஸ்டோர் பொறுப்பாளரிடமும் வாயிலில் வண்டியைப் பதியும் காவலரிடமும் செல்ல வேண்டும் என்றும் விரைவில் உணர்வார். கணினி வந்து ஆண்டுகள் ஆனபின்னும் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டுப்புத்தகம் தனியே பேணப்படுமாயின், அதைப் பழமைப் பிடிப்பு என்று ஒதுக்குவது பிழை. அமைப்பில் இடமில்லாத, ஆனால் பணிக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று அந்நோட்டில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் படிப்பவரே நல்ல பகுப்பாய்வாளர் என்பது இத்தொழிலில் தேர்ந்தோர் அனைவரும் ஒப்பும் கருத்து.

ஓர் உண்மை ஓரிடத்தில்

தரவுத்தளம் பற்றிய தாளில் மாணவர் கற்பது, ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுநிலைக் கோட்பாட்டையும், அதன்மேல் பீட்டர் சென் 1976இல் அமைத்த உருபொருள்–உறவு வரைபடத்தையும் ஆகும். தரவை அட்டவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் ஒரு முதன்மைச் சாவியை அதற்கு அளித்து, ஓர் உண்மையை ஓரிடத்தில் மட்டும் எழுதி வைக்க வேண்டும் என்பதே அக்கோட்பாட்டின் நடைமுறைச் சாரம். சாயப்பட்டறையின் முகவரியை ஒவ்வொரு சலானிலும் திரும்பத் திரும்பச் சேமித்தால், முகவரி மாறிய நாளிலிருந்து அமைப்பில் இரண்டு முகவரிகள் உயிரோடு இருக்கும். எது உண்மை என்பதை எந்த இயந்திரத்தாலும் சொல்ல இயலாது.

தரவை இவ்வாறு பிரிப்பதற்கான இயல்பாக்க விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர், அவற்றின் பயனை மேற்சொன்ன சலானிலேயே காணலாம். ஒரு சலானில் சென்ற துணி பல தவணைகளாகத் திரும்பக்கூடும். ஒரு தவணையில் வரும் துணி இரண்டு சலான்களுக்கு உரியதாகவும் இருக்கக்கூடும். எனவே சலானுக்கும் வரவுக்கும் இடையே, எந்தச் சலானுக்கு எந்த வரவில் எத்தனை கிலோ என்று காட்டும் மூன்றாவது அட்டவணை ஒன்று வேண்டும். அது இல்லாவிடில் எந்தச் சலானில் எவ்வளவு நிலுவை என்னும் வினாவுக்கு விடை கிடைக்காது. விடை கிடைக்காவிடில் வரிச் சிக்கலும் எழும். ஏனெனில் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்குச் சென்ற மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும். திரும்பாவிடில், அனுப்பிய நாளிலேயே அது விற்கப்பட்டதாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். அட்டவணையை வரைபவர் சட்டத்தையும் படித்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெயர்களைப் பதிவதிலும் தனிக் கவனம் வேண்டும். மேலைநாட்டு வழக்கப்படி முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கும் படிவம், தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் தாங்கும் தமிழரைத் திகைக்க வைக்கிறது. இனிஷியல் சிலரிடத்தில் பெயருக்கு முன்னும் சிலரிடத்தில் பின்னும் வருவதாலும், ழகரம் கொண்ட பெயர் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படுவதாலும், ஒரே வாடிக்கையாளர் மூன்று கணக்குகளாகப் பிரிந்து கிடப்பது எங்கும் காணும் காட்சி. பெயரைச் சாவியாகக் கொள்ளலாகாது என்னும் விதி இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது. ஜிஎஸ்டி பதிவெண் அதற்கு ஒரு தீர்வாகிறது: 15 இடங்கள் கொண்ட அவ்வெண்ணில் முதல் இரண்டு மாநிலத்தையும் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து வருமான வரியின் பான் எண்ணையும் குறிக்கின்றன, கடைசி இடம், முன்னுள்ளவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்புக் குறி. தட்டச்சில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் அக்குறி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பிழையின்றி எழுதப்பட்ட எண் வேறொரு வணிகருடையதாக இருந்தால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. இயந்திரம் சரிபார்க்கக்கூடிய பிழைக்கும் மனிதர் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பிழைக்கும் உள்ள எல்லைக்கோடு இதுவே.

அமைப்பை மாற்றும் நாள்

கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, கணக்கு ஆகிய எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் இணைக்கும் ஈஆர்பி மென்பொருள் பற்றிப் பாடநூல் பல பக்கங்கள் பேசும். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் நாளைப் பற்றிச் சில வரிகளே இருக்கும். அனுபவம் அதற்கு நேர்மாறாக உள்ளது. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999இல் பல மென்பொருள்களை ஒரே வேளையில், அதுவும் மிட்டாய் விற்பனை உச்சத்தை எட்டும் ஹாலோவீன் பருவத்தை ஒட்டி, இயக்கத் தொடங்கியதன் விளைவாக, சரக்கு கையிருப்பில் இருந்தும் கடைகளுக்கு உரிய காலத்தில் அனுப்ப இயலாமல் தவித்தது. தமிழ்நாட்டின் நடுத்தர நிறுவனங்களில் இம்மாற்றம் பெரும்பாலும் நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் முதல் தேதியில் நிகழ்கிறது. மார்ச் 31 அன்று சரக்கை எண்ணி எழுதி, தொடக்க இருப்பாக ஏற்றி, பழைய முறையையும் புதிய முறையையும் ஒரு மாதமேனும் இணையாக நடத்தி, மாத முடிவில் இரண்டின் விடைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பான வழி. இரட்டை வேலை என்று ஊழியர் சலித்துக்கொள்வதால் இணை ஓட்டம் பாதியில் கைவிடப்படுவதும், அப்போது பொருந்தாத தொகைகள் சஸ்பென்ஸ் கணக்கு என்னும் தற்காலிகக் கணக்கில் தள்ளப்பட்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடப்பதும் வழக்கமாகிவிட்டன. ஒரு நிறுவனத்தின் அமைப்பு எத்தகையது என்பதை அறிய விரும்பும் தணிக்கையாளர் முதலில் திறந்து பார்க்கும் கணக்கு அதுவே.

தவறின் சுமை யாருக்கு

நான்கு வினாக்களுள் இறுதியானது, பெரும்பாலான பாடத்திட்டங்களில் தணிக்கையும் பாதுகாப்பும் என்னும் கடைசி அலகில் அவசரமாக முடிக்கப்படுகிறது. அது முதல் பருவத்திலேயே கற்பிக்கப்பட வேண்டியது என்பதற்கு பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்தின் வரலாறு சான்று. லியோவை உருவாக்கிய கணினிப் பிரிவு பல இணைப்புகளுக்குப் பின் ஐசிஎல் நிறுவனத்தில் கலந்தது. ஐசிஎல் ஜப்பானின் ஃபுஜிட்சு வசமாயிற்று. அந்த ஐசிஎல் உருவாக்கிய ஹொரைசன் என்னும் கணக்கு அமைப்பு 1999 முதல் பிரிட்டனின் அஞ்சல் கிளைகளில் நிறுவப்பட்டது. கிளைகளை ஒப்பந்த அடிப்படையில் நடத்தியோரின் கணக்கில் காரணம் விளங்காத பற்றாக்குறைகளை அது காட்டியபோது, அத்தொகையைத் தாமே ஈடுசெய்ய வேண்டியவர்களாகவும், பின்னர் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றவாளிகளாகவும் அவர்கள் ஆக்கப்பட்டனர். 2015 வரை தண்டிக்கப்பட்டோர் 900க்கும் மேற்பட்டோர், சிறை சென்றோரும் அவர்களுள் உண்டு. கிளை நடத்தியோருள் ஒருவரான ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், அமைப்பில் பிழைகள் இருந்தன என்றும், கிளை நடத்துநர் அறியாமலேயே வெளியிலிருந்து அவர் கணக்கை மாற்ற இயன்றது என்றும் 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கண்டறிந்தது. 2024இல் தனிச் சட்டம் இயற்றியே அத்தண்டனைகளைப் பெருமளவில் நீக்க வேண்டியிருந்தது.

வணிகக் கணினியின் முதல் வெற்றியும், பிரிட்டிஷ் நீதி வரலாற்றின் பெருந்தவறுகளுள் ஒன்றும் ஒரே மரபுவழியில் வந்தவை என்பது மாணவர் ஊன்றி எண்ண வேண்டிய செய்தி. முன்னதில் ஒவ்வொரு பணிமுறையும் தெரிந்தவர்களால் ஆராயப்பட்டு இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னதில் இயந்திரம் காட்டிய எண்ணை மறுத்துரைக்க, அதைப் பயன்படுத்தியவருக்கு வழியே வைக்கப்படவில்லை. இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தின் தேதியோடு கூடிய சுவட்டைப் பேண வேண்டும் என்றும், அவ்வசதியை முடக்க இயலாதவாறு இருக்க வேண்டும் என்றும் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி, இவ்வகையில் மாணவர் அவசியம் படிக்க வேண்டியது. ஆயினும் விதியால் மட்டும் இது தீராது. வங்கி முகப்பிலும் மின்வாரிய அலுவலகத்திலும் சரக்குக் கிடங்கிலும், சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது என்று சொல்லி உரையாடலை முடித்துவிடும் வழக்கம் வேரூன்றியுள்ளது. அவ்விடத்தில் உரையாடலைத் தொடங்கத் தெரிந்தவரை உருவாக்குவதே இப்படிப்பின் கடமை. கணிப்புகளைச் செயற்கை நுண்ணறிவு வழங்கும் இக்காலத்தில் அக்கடமை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

திட்டப்பணியும் வேலையும்

இறுதிப் பருவத் திட்டப்பணியே இப்படிப்பின் உரைகல். அதுவே மிகுதியாக வீணடிக்கப்படுவதும் ஆகும். நூலக மேலாண்மை, விடுதி மேலாண்மை என்னும் தலைப்புகளில் ஆயத்த நிலையில் விற்கப்படும் நிரல்களையும் அறிக்கைகளையும் வாங்கி, அட்டையில் பெயரை மாற்றிச் சமர்ப்பிக்கும் வழக்கம் பல நகரங்களில் ஒரு வணிகமாகவே நடைபெறுகிறது. அவ்வாறு சமர்ப்பித்தவர், வேலைக்கான நேர்முகத்தில் ஓர் அட்டவணையில் இந்தச் சாவியை ஏன் தேர்ந்தீர்கள் என்னும் முதல் வினாவிலேயே தடுமாறுவார். மாறாக, ஊரிலுள்ள ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்திலோ மருந்து மொத்த விற்பனைக் கடையிலோ சில வாரங்கள் அமர்ந்து, அங்குள்ள தாள்களின் ஓட்டத்தை வரைந்து, ஒரே ஒரு சிக்கலுக்கேனும் எக்செல் தாளில் தீர்வு கண்டவர், நிரலாக்கத்தில் வல்லவரல்லாவிடினும் எளிதில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

பட்டம் பெற்றோருக்குக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் கணக்கு உதவியாளர், மென்பொருள் ஆதரவு அலுவலர், சோதனையாளர் ஆகிய நிலைகளில்தான் அமையும் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வணிகப் பகுப்பாய்வாளர், ஈஆர்பி ஆலோசகர், தகவல் அமைப்புத் தணிக்கையாளர் என்னும் நிலைகள், ஒரு தொழிலின் உள்நடப்பைச் சில ஆண்டுகள் நின்று கற்றவர்களுக்கே வாய்க்கின்றன. நிரல் எழுதுவதிலேயே நாட்டமுடையோர் கணினியியலையும், வரியும் தணிக்கையுமே வேண்டுவோர் பட்டயக் கணக்காளர் படிப்பையும் நாடுவது நன்று. இரண்டுக்கும் நடுவே நின்று இருதரப்பாரின் மொழியையும் அறிய விரும்புவோர்க்கே இப்படிப்பு உரியது. அவர்கள் கல்லூரியைத் தேரும்போது ஆய்வகத்திலுள்ள கணினிகளின் எண்ணிக்கையைக் கேட்பதைவிட, கணக்கியலுக்கும் தரவுத்தளத்துக்கும் அமைப்புப் பகுப்பாய்வுக்கும் பாடத்திட்டத்தில் சம இடம் உள்ளதா என்றும், திட்டப்பணி உண்மையான ஒரு நிறுவனத்தில் செய்யப்படுகிறதா என்றும் கேட்க வேண்டும். இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடை தரும் கல்லூரியில் சேரலாம்.